பொதுவுடைமையான பாட்டு

எட்டயபுரத்தில் 1882ஆம் ஆண்டு பிறந்த பாரதியார், புதுச்சேரியில் பத்தாண்டுகள் வாழ்ந்து தமிழகம் திரும்பினார். தம் படைப்புகளை நாற்பது நூல்களாக வெளியிட எண்ணி, 1920இல் நண்பர்களிடம் கடனுதவி கோரினார். தீப்பெட்டியைவிட எளிதாக அவை தமிழரிடையே பரவும் என நம்பினார். எண்ணம் ஈடேறாமலே 1921இல் மறைந்தார்.

1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. தீப்பெட்டி வீடுதோறும் சென்றது. பாரதியின் பாடல்களோ பதிப்புரிமைக்குள் அடங்கிக் கிடந்தன. நூலாக்கும் உரிமை தம்பி விசுவநாதனிடமும், ஒலிப்பதிவு உரிமை ஏவி. மெய்யப்பரிடமும் இருந்தன. நாரண துரைக்கண்ணன் முதலியோர் விடுதலை வேண்டிக் குரல் எழுப்பினர். மெய்யப்பர் விலை கேளாது தம் உரிமையைத் துறந்தார். 1949இல் ஓமந்தூர் இராமசாமியாரின் அரசு பாரதி படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. பின்னர் மக்களுக்கே வழங்கப்பட்டன. இன்று சிவகாசியின் எந்த அச்சகமும் அவற்றை இசைவு கேளாமலே அச்சிடலாம்.