செல்லுக்குள் சில்லறை கண்ட சுப்பாராவ்

இந்த முறை நான் எழுத எடுத்துக்கொண்டவர் எல்லப்பிரகட சுப்பாராவ். 1895 ஜனவரி 12-ல் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தவர். இப்போ அது ஆந்திராவில் இருக்கு.

மெட்ரிக் தேர்வில் இவர் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவைதான் பாஸ். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தி சொன்னபடி அந்நியத் துணியை விட்டு, கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. நன்றாகப் படித்தும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. நாமளா இருந்தா அழுதுட்டு ஊருக்கு வந்திருப்போம். அவரோ 1923-ல் அமெரிக்கா போனார். ராத்திரியில் ஆஸ்பத்திரியில் வேலை, பகலில் ஹார்வர்டில் படிப்பு.

அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, பாஸ்பரஸின் அளவை நீல நிறத்தை வைத்துக் கண்டறியும் முறையை 1925-ல் வெளியிட்டார். அதே முறையில் தசையைச் சோதித்தபோது 1927-ல் பாஸ்போகிரியேட்டின், 1929-ல் ஏ.டி.பி. என்று இரண்டு பொருள்கள் தெரியவந்தன. அதே 1929-ல் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தார்.

ஏ.டி.பி.ன்னா என்னங்க? சந்தையில ஒரு கட்டு கொத்தமல்லிக்கு 500 ரூபாய் நோட்டை நீட்டினா, பாட்டி சில்லறை கேட்கும். நாம் சாப்பிடும் சோறும் களியும் குளுக்கோஸ் ஆகிறது. அது பெரிய நோட்டு. செல் அதை அப்படியே செலவழிக்க முடியாது. மூச்சில் வரும் ஆக்சிஜனைக் கொண்டு, பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவில், அதை ஏ.டி.பி. என்ற சில்லறையாக மாற்றுகிறது. இதுதான் செல் சுவாசம். கபடியில் பாய்கிற முதல் சில நொடிகளில், தீர்ந்த ஏ.டி.பி.யை உடனே நிரப்பித் தருவது பாஸ்போகிரியேட்டின்.

1940-ல் சுப்பாராவ் லெடர்லே ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே அவருடைய குழு யானைக்கால் நோய்க்கு மருந்து கண்டது. ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அவர் உடன்பிறந்தவர் உயிரைக் குடித்த ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கும் அது மருந்தானது.

பள்ளியில் வாரம் ஒருநாள் நமக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் இருக்கு. சிவப்பணு உருவாக இரும்பும் வேணும், இதுவும் வேணும். அவை குறைந்தால் செல்லுக்கு ஆக்சிஜன் போதாது, சில்லறையும் தட்டுப்படும். நாலு படி ஏறினாலே சில பேருக்கு மூச்சு வாங்குறது இதனாலயும்தான். கசக்குதுன்னு மாத்திரையை ஜன்னல் வழியா வீசுற அக்காமார்களே, தங்கச்சிகளே, அது லேசுல கிடைச்சது இல்லீங்க!

1948 ஆகஸ்டில், 53 வயதில் அவர் இறந்தார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. காலாண்டுத் தேர்வில் மார்க் போயிருச்சுன்னு படிப்பை விடலாமான்னு யோசிக்கிறவங்க, அந்த மூன்றாவது தடவையை நினைச்சுக்கோங்க.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி