சங்கம் கண்ட பந்தாட்டக்காரர்

விளையாடுவதற்குக் கூலி ஒரு கேடா என்று கேட்கிறவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. பந்தை உதைப்பது பாடுபடுவதாகுமா, பாராட்டும் கைதட்டலும் போதாதா, மீசை அரும்பாத பையனுக்குப் பேரம் பேசும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்றெல்லாம் கோபிப்பார்கள். கோபிப்பவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அவர் நுழைவுச் சீட்டு விற்ற பணத்தை எண்ணுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பார்!

இளம் ஆட்டக்காரன் நல்ல ஒப்பந்தம் கேட்கலாமா, கூடாதா? கேட்பதென்றால் எப்படிக் கேட்பது? இந்த இரண்டு கேள்விக்கும் தம் வாழ்க்கையையே விடையாக விட்டுச் சென்றவர் ஒருவர் உண்டு. வேல்ஸ் நாட்டில் பிறந்து, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் புகழ்பெற்று, 1958-இல் மறைந்த வில்லியம் மெரிடித். பில்லி மெரிடித் என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். அவருடைய கதையைத் தொழிலாளத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது பந்தின் கதை மட்டுமன்று, கூலியின் கதை.

1874-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள், வேல்ஸின் வடபகுதியில், சர்க் என்னும் சிற்றூரை அடுத்த பிளாக் பார்க்கில் அவர் பிறந்தார். ஊரே நிலக்கரியை நம்பி வாழ்ந்தது. 12 வயதில் மெரிடித்தும் சுரங்கத்தில் இறங்கினார். புத்தகம் ஏந்த வேண்டிய பிஞ்சுக் கை கரி வண்டியைத் தொட்டது. இருளில் உழைத்துவிட்டு வெளிச்சத்துக்கு வந்தால் பந்து ஒன்றுதான் இன்பம். ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் பழக்கினார். அந்தச் சின்னஞ்சிறு ஊரிலிருந்து வேல்ஸ் நாட்டு அணிக்கே பலர் போனார்கள். 1894-இல் சர்க் அணி வேல்ஸ் கோப்பையை வென்றபோது அதில் மெரிடித்தும் இருந்தார்.

அதே ஆண்டு மான்செஸ்டர் சிட்டி கிளப் அவரை அழைத்துக்கொண்டது. அப்போதும் சுரங்க வேலையை அவர் உடனே விட்டுவிடவில்லை. வாரமெல்லாம் சுரங்கம், சனிக்கிழமை மைதானம் என்று சில காலம் ஓட்டினார். பந்து சோறு போடும் என்ற நம்பிக்கை சுரங்கக் குடும்பத்துக்கு எளிதில் வருமா?

வலது ஓரத்தில் பந்தோடு அவர் பறந்தால் எதிரணியினர் திகைத்து நிற்பார்கள். வாயின் ஓரத்தில் எப்போதும் ஒரு பல்குத்தும் குச்சி! அந்தக் குச்சியைக் கடித்தபடியே அவர் ஆடும் ஆட்டத்தைக் காணக் கூட்டம் திரண்டது. 1904-ஆம் ஆண்டு லண்டன் கிரிஸ்டல் பாலஸ் மைதானத்தில், 60,000-க்கு மேற்பட்ட மக்கள் முன்னிலையில், இங்கிலாந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம். போல்ட்டன் அணியை மான்செஸ்டர் சிட்டி ஒரு கோலில் வென்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் அணித் தலைவர் மெரிடித். மான்செஸ்டர் நகரத்துக் கிளப் ஒன்று பெரிய கோப்பை ஒன்றைக் கைப்பற்றியது அதுவே முதல் முறை.

கோப்பை வந்தது, கூட்டம் வந்தது, பணமும் வந்தது. ஆடியவனுக்கு என்ன வந்தது?

இங்கேதான் தோழர்களே, நாம் கவனிக்க வேண்டிய கணக்கு இருக்கிறது. 1901 முதல் இங்கிலாந்தின் கால்பந்து அசோசியேஷன் ஒரு விதி வைத்திருந்தது. எவ்வளவு சிறந்த ஆட்டக்காரனானாலும் வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் தரக்கூடாது. வென்றால் போனஸ் என்பதும் கூடாது. அந்த 4 பவுன்கூட எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. பலர் அதற்குக் கீழேதான் பெற்றார்கள். கைதேர்ந்த தொழிலாளி ஒருவன் பெற்ற கூலியை விட 4 பவுன் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் தொழிலாளியின் கை அறுபது வயதுவரை உழைக்கும். ஆட்டக்காரனின் கால் முப்பதைத் தாண்டினால் தளர்ந்துவிடும். எலும்பு முறிந்தால் அன்றோடு பிழைப்பு முடிந்தது. மைதானம் நிரம்ப நிரம்ப வசூல் ஏறலாம். ஆடுகிறவன் கூலி மட்டும் ஏறக்கூடாது!

இன்னொரு விலங்கும் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரன் தன் விருப்பப்படி வேறு கிளப்புக்குப் போக முடியாது. பழைய கிளப் இசைந்தால்தான் போகலாம். இசையாவிட்டால் அவர்கள் தருவதை வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும், அல்லது ஆட்டத்தையே விட வேண்டும். விற்பதென்று கிளப் முடிவு செய்தால் விலை கிளப்புக்கு. 1905-இல் ஆல்ஃப் காமன் என்ற ஆட்டக்காரரை 1,000 பவுனுக்கு ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்கு விற்றது. நாடே வாய்பிளந்தது. 1,000 பவுன் பெறுமானமுள்ள அந்த மனிதருக்கும் விதிப்படி வாரக் கூலி 4 பவுன்தான். சந்தையில் மாட்டை விற்றால் பணம் மாட்டுக்கா போகிறது?

இந்த அநீதியை மெரிடித் முதலில் எப்படிச் சமாளித்தார்? உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லோரையும் போலக் கள்ளத்தனமாகச் சமாளித்தார். விதியை வெளியே வணங்கி, உள்ளே உடைத்து, கிளப்புகள் மறைவாகப் பணம் கொடுத்தன. மெரிடித்துக்கு வாரம் 6 பவுன் கிடைத்தது. தனித்தனியே பேரம், தனித்தனியே இரகசியம். என் திறமைக்கு எனக்குக் கிடைக்கிறது, பக்கத்தில் ஆடுகிற பையனைப் பற்றி எனக்கென்ன என்ற நிலை.

அந்த இரகசியம் எத்தனை நாள் நிற்கும்? 1905-இல் ஆஸ்டன் வில்லா அணியின் தலைவருக்கு, ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும்படி 10 பவுன் தர முன்வந்தார் என்று மெரிடித் மீது குற்றம் சாட்டப்பட்டது. அசோசியேஷன் அவரை ஆடவிடாமல் விலக்கியது. முதலில் மறுத்தவர், பிறகு தம் கிளப்பின் மேலாளர் சொல்லியே அதைச் செய்ததாகக் கூறினார். செய்தது தவறு, அதற்கு நாம் சப்பைக்கட்டுக் கட்டப் போவதில்லை. ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். நேற்றுவரை தோளில் தூக்கிய கிளப், இன்று கைவிரித்தது. மெரிடித் வாயைத் திறந்தார். மறைவாகக் கைமாறிய பணமெல்லாம் அம்பலமாயிற்று. 1906-இல் மான்செஸ்டர் சிட்டியின் 17 ஆட்டக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அபராதம், ஆடத் தடை, அந்தக் கிளப்புக்கு இனி ஆடவே கூடாது என்ற ஆணை. அவர்களை விற்க மான்செஸ்டரில் ஒரு ஓட்டலில் ஏலம் நடந்தது. மனிதர்களை வாங்கக் கிளப்புகள் வந்து குவிந்தன!

மெரிடித் அதற்கு முன்பே மான்செஸ்டர் யுனைடெட் கிளப்போடு பேசி முடித்துவிட்டார். 1907 புத்தாண்டு நாளில் புதிய அணியில் களம் இறங்கினார். ஆனால் இறங்கியவர் பழைய மெரிடித் அல்லர். மறைவில் தனியாகக் கேட்டுப் பெற்றவன், அகப்பட்டால் தனியாகவே நிற்கிறான். இந்தப் பாடத்தை அவர் அடிபட்டுக் கற்றார்.

அதே 1907-இல் இன்னொரு அடி. அவருடைய கிளப்பைச் சேர்ந்த டாமி பிளாக்ஸ்டாக் என்ற இளைஞர் ஆட்டத்தின் நடுவே சுருண்டு விழுந்து இறந்தார். வயது 25. இயற்கை மரணம் என்று எழுதப்பட்டது. குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. ஆலையில் அடிபட்டவனுக்கு நஷ்டஈட்டுச் சட்டம் உண்டு. மைதானத்தில் மடிந்தவனுக்கு மலர் வளையம் மட்டும்தானா?

1907-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், மான்செஸ்டர் இம்பீரியல் ஓட்டலில் ஆட்டக்காரர்கள் கூடினார்கள். தலைமை வகித்தவர் மெரிடித். யுனைடெட் அணித் தலைவர் சார்லி ராபர்ட்ஸ் தோள் கொடுத்தார். ஆட்டக்காரர் சங்கம் பிறந்தது. 1898-இல் தோன்றிய பழைய சங்கம் சில ஆண்டுகளில் மறைந்துபோயிருந்தது, இது நிலைத்தது. கூலி உச்சவரம்பு ஒழிய வேண்டும், விற்கும் முறை மாற வேண்டும், அடிபட்டால் நஷ்டஈடு வேண்டும். திரைமறைவில் முணுமுணுத்ததை இப்போது மேடையில் கேட்டார்கள்.

மெரிடித்துக்கு அப்போது வயது 33. அந்த வயதில் பலர் ஆட்டத்தை விட்டே போயிருப்பார்கள். புகழ் இருந்தது, அணியில் இடம் இருந்தது. சங்கம் தமக்குத் தேவையில்லை என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. பெயர் பெற்றவன் முன்னால் நின்றால்தான் பெயரில்லாத பையன் பின்னால் நிற்கத் துணிவான் என்பதை அவர் புரிந்துகொண்டார்.

1909-இல் மோதல் முற்றியது. தொழிற்சங்கங்களின் பொதுக் கூட்டமைப்போடு ஆட்டக்காரர் சங்கம் கைகோக்க முனைந்தது. சுரங்கத் தொழிலாளியோடும் நெசவாலைத் தொழிலாளியோடும் பந்தாட்டக்காரன் ஓரணியில் நிற்பதா என்று அசோசியேஷன் சீறியது. ஜூலை முதல் நாளுக்குள் சங்கத்தை விட்டு விலகு, இல்லையேல் ஆட்டத்தை விட்டு விலகு என்று ஆணை பிறந்தது. பலர் அஞ்சி விலகினார்கள். குடும்பம் உண்டு, வாடகை உண்டு, அவர்களைப் பழிப்பதற்கில்லை. ஆனால் யுனைடெட் ஆட்டக்காரர்கள் அசையவில்லை. அந்த ஆண்டின் இங்கிலாந்துக் கோப்பையை ஏப்ரலில்தான் வென்று வந்திருந்தார்கள். வென்ற கால்களுக்குக் கூலி நின்றது. கிளப்பின் கதவு மூடியது. ஃபாலோஃபீல்டில் வேறு மைதானம் தேடிப் பயிற்சி செய்தார்கள். விலக்கப்பட்டோர் கால்பந்து கிளப் என்று எழுதிய பலகையை முன்னே வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவமானத்தை விருதாக அணிந்துகொண்ட வீரர்கள்! எவர்ட்டன் அணியின் டிம் கோல்மன் மட்டும் வெளியிலிருந்து வந்து அவர்களோடு நின்றார். பிறகு மற்ற கிளப்புகளிலும் ஆதரவு வளர்ந்தது.

ஆகஸ்டு இறுதியில் சமரசம். சங்கத்தை அசோசியேஷன் அங்கீகரித்தது. நிறுத்திய கூலி கிடைத்தது. போனஸுக்கும் வழி பிறந்தது. ஆனால் உச்சவரம்பு நின்றது. விற்கும் முறையும் நின்றது. தொழிற்சங்கக் கூட்டமைப்போடு சேரும் எண்ணத்தையும் ஆட்டக்காரர்கள் கைவிட்டார்கள். மெரிடித்துக்கு இது நிறைவளிக்கவில்லை. பாதிக் கிணறு தாண்டியதாகவே அவர் கருதினார். 1912-இல் கிங்கபி என்ற ஆட்டக்காரருக்காகச் சங்கம் நடத்திய வழக்கும் தோற்றது. சங்கத்தின் பணம் கரைந்தது. தோல்விகளையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

மெரிடித் ஆடிக்கொண்டே இருந்தார். வேல்ஸ் நாட்டுக்காக 48 ஆட்டங்கள். 1920-இல், 45-ஆம் வயதில், இங்கிலாந்தை இங்கிலாந்து மண்ணிலேயே வென்ற வேல்ஸ் அணியில் அவர் இருந்தார். 1921-இல் யுனைடெட்டை விட்டுப் பழைய சிட்டிக்குத் திரும்பும்போது, தம் மீது எந்த விலையும் வைக்கக்கூடாது என்று போராடி, விலையின்றியே சென்றார். சந்தையில் நிற்க மறுத்த மனிதன்! 1924-இல் கடைசி ஆட்டம் ஆடியபோது அவருக்கு வயது 49. பிறகு மது விடுதி ஒன்றை நடத்திக் காலம் கழித்தார்.

1958 ஏப்ரல் 19-ஆம் நாள் கண்மூடினார். கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட நெடுங்காலம் இல்லை. 2001-இல்தான் ஆட்டக்காரர் சங்கமும் இரண்டு மான்செஸ்டர் கிளப்புகளும் வேல்ஸ் அசோசியேஷனும் சேர்ந்து கல் நாட்டின.

ஆனால் அவர் நட்ட செடி அதற்கு முன்பே காய்த்துவிட்டது. 1961 ஜனவரியில், வேலைநிறுத்தம் செய்வோம் என்று அதே சங்கம் உறுதியாக நின்றபோது கூலி உச்சவரம்பு ஒழிந்தது. அப்போது அது 20 பவுன். 1963-இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்கில், ஆட்டக்காரனைப் பிடித்துவைக்கும் முறை நியாயமற்றது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்குக்கும் பின்னால் நின்றது சங்கம்தான். மெரிடித் இரண்டையும் பார்க்கவில்லை. வாரத்துக்கு ஒரு லட்சம் பவுனுக்கு மேல் பெறுகிற ஆட்டக்காரர்கள் இன்று அங்கே உண்டு. அவர்களில் எத்தனை பேர் இம்பீரியல் ஓட்டல் கூட்டத்தை அறிவார்கள்!

மேலே சிலருக்கு லட்சம் என்பதால் கீழே எல்லோருக்கும் நீதி என்று பொருளல்ல. சிறு கிளப்பில், ஓராண்டு ஒப்பந்தத்தில், அடிபட்டால் என்ன ஆகும் என்று தெரியாமல் கையெழுத்திடுகிற இளைஞன் இன்றும் இருக்கிறான். நன்றியோடு இரு, வாய்ப்புக் கிடைத்ததே பெரிது என்று அவனிடம் இன்றும் சொல்கிறார்கள். வாய்ப்புக்கு நன்றி சொல்லலாம். உழைப்புக்குக் கூலி கேட்க வேண்டும். நன்றியைக் காட்டிக் கூலியைக் குறைப்பது எந்த நியாயம்?

ஆகவே, கேட்கட்டும். தயங்காமல் கேட்கட்டும். ஆனால் முதல் மெரிடித்தைப் போல மறைவில் கேட்க வேண்டாம். இரண்டாவது மெரிடித்தைப் போல நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வெளிச்சத்தில் கேட்கட்டும். 12 வயதில் சுரங்கத்து இருளைக் கண்டவர், இருளில் வாங்கும் கூலி நிலைக்காது என்பதை 31 வயதுக்குப் பிறகே கற்றார். நம் பிள்ளைகளுக்கு அத்தனை காலம் ஆகவேண்டியதில்லை.