வள்ளியாக வந்து ஔவையாக நின்றவர்

கொடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயில் என்று ஒரு கோயில் உண்டு. இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து இந்து சமயத்தைத் தழுவிய ஐரோப்பியப் பெண்மணி லீலாவதி அம்மையார் 1936-ல் எழுப்பிய கோயில் அது. மேகம் விலகிய காலை வேளையில் அங்கு நின்று வடக்கே நோக்கினால், மலைத்தொடரின் அடிவாரத்தில் பழனிக் குன்று தெரியும். அதற்கும் அப்பால் கொங்குச் சமவெளி நீலப் புகைபோலப் பரந்து கிடக்கும்.

அந்தச் சமவெளியின் மறுகோடியில், காவிரிக் கரையில் இருக்கிறது கொடுமுடி. பங்குனி உத்திரம் வந்துவிட்டால் கொங்கு நாட்டு மக்கள் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக் காவடி கட்டிப் பழனிக்கு நடந்தே வருவார்கள். முருகனுக்கு அபிஷேகம் செய்யக் காவிரி நீர் வருவது அந்த வழியாகத்தான்.

அதே கொடுமுடியிலிருந்து பழனிக்கு இன்னொன்றும் வந்து சேர்ந்தது. அது ஒரு குரல். கோபித்துக்கொண்டு குன்றேறிய குழந்தையைக் கெஞ்சியும் கொஞ்சியும் அழைக்கும் ஒரு பாட்டியின் குரல். பழனிக்குப் போய்வந்தவர்களில் அந்தக் குரலைக் கேளாமல் திரும்பியவர்கள் அபூர்வம். அந்தக் குரலுக்குரியவர் கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். சுருக்கமாக, கே.பி.எஸ்.

பசியில் பிறந்த பாட்டு

சுந்தராம்பாள் பிறந்தது 1908-ல். தந்தையின் ஆதரவு இல்லாமற் போகவே, தாயார் பாலாம்பாள் தம் குழந்தைகளை வைத்துக்கொண்டு மிகுந்த வறுமையில் காலம் தள்ளினார். சின்னஞ்சிறு வயதிலேயே ரயில் வண்டியில் பாடிக் காசு பெற வேண்டிய நிலை சுந்தராம்பாளுக்கு ஏற்பட்டது. வண்டியின் இரைச்சலையும் மீறி எழுந்த அந்தக் கணீரென்ற குரல், கலை அபிமானம் கொண்ட பயணிகளின் காதில் விழுந்தது. அவர்கள் தயவால் வேலு நாயர் நாடகக் கம்பெனியில் இடம் கிடைத்தது.

நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் குழந்தை வேடம். அந்தக் குழந்தை பசியைச் சொல்லிப் பாடியபோது கொட்டகையே கண்ணீர் விட்டது என்பார்கள். அதில் ஆச்சரியம் என்ன? பசி எப்படியிருக்கும் என்று அந்தச் சிறுமிக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அக்காலத்து நாடகம் என்றால் இன்றைக்குப் போல இரண்டு மணி நேரக் காரியமல்ல. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினால் விடியும்வரை நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது. மேடையோரத்தில் ஹார்மோனியம் ஒலிக்க, கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் ரசிகனுக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்படி பாட வேண்டும். சாரீரம் இல்லாதவர்கள் அங்கே ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது. சுந்தராம்பாளின் உச்ச ஸ்தாயியும் எழுத்துப் பிசகாத உச்சரிப்பும் அந்தக் கொட்டகைகளில் உருவானவை.

கொழும்பில் சந்தித்த இரு குரல்கள்

1926-ல் இலங்கையில் நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஒரே மேடையில் தோன்றும் சந்தர்ப்பம் வாய்த்தது. கிட்டப்பா அப்போதே பெரும் புகழ் பெற்றவர். அவருடைய சாரீரத்துக்கு ஈடுகொடுத்துப் பாட முடியாமல் பலர் திணறியதுண்டு. பதினெட்டு வயதுப் பெண் என்ன ஆவாளோ என்று பலர் பயந்தார்கள். நடந்ததோ வேறு. கிட்டப்பா ஒரு படி ஏறினால் சுந்தராம்பாளும் ஒரு படி ஏறினார். ரசிகர்கள் சொக்கிப் போனார்கள்.

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம் அந்த ஜோடிக்கென்றே அமைந்ததுபோல் ஆயிற்று. கிட்டப்பா முருகனாக வருவார். தினைப்புனம் காக்கும் வள்ளியாகச் சுந்தராம்பாள் பரண்மீது நிற்பார். விருத்தத்துக்கு விருத்தம், பாட்டுக்குப் பாட்டு என்று போட்டி நடக்கும். கிராமபோன் இசைத்தட்டுகள் வழியாகவும் அவர்கள் குரல் ஊர் ஊராகப் பரவியது.

மேடைக் காதல் வாழ்க்கைக்கும் வந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. அதை அறிந்தே 1927-ல் சுந்தராம்பாள் அவரைக் கணவராக ஏற்றார். ஆனால் மேடையில் கிடைத்த இன்பம் இல்லத்தில் நிலைக்கவில்லை. மனக்கசப்பு, பிரிவு, சமாதானம், மீண்டும் பிரிவு என்று அந்தச் சில ஆண்டுகள் கழிந்தன. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. பிரிந்திருந்த நாட்களில் சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்தன. கோபமும் ஏக்கமும் ரோஷமும் கலந்த அந்தக் கடிதங்களைப் படிப்பவர்கள், கொட்டகையில் கைதட்டிய ரசிகர்கள் எவ்வளவு குறைவாக அறிந்திருந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

1933 டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா காலமானார். முப்பது வயதைக்கூட அவர் எட்டவில்லை. சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து.

வெள்ளைப் புடவை

பட்டும் நகையும் பூவும் அன்றோடு போயின. வெள்ளைப் புடவையும் நெற்றி நிறையத் திருநீறுமே அவருடைய கோலமாயின. மேடைப் பக்கமே வராமல் சில காலம் ஒதுங்கியிருந்தார். பிறகு பாட வந்தபோது ஒரு முடிவோடு வந்தார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்பதே அந்த முடிவு.

இருபத்தைந்து வயதுப் பெண், தொழிலோ நாடகம், நாடகத்திலோ ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் காதல் செய்யாமல் கதை நகராது. இந்தச் சபதம் எடுத்தவர் பிழைக்க வழி ஏது என்று பலர் கேட்டிருக்கக்கூடும். அதற்குப் பதில் விரைவிலேயே கிடைத்தது. நந்தனார் கதையைப் படமாக்க விரும்பிய ஹசன்தாஸ் என்ற முதலாளி அவரை அணுகினார். தட்டிக்கழிக்கும் எண்ணத்தில் அம்மையார் ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். முதலாளி தயங்காமல் சம்மதித்துவிட்டார். தென்னாடு அதுவரை கேள்விப்படாத ஊதியம் அது.

1935-ல் வெளிவந்த அந்தப் படத்தில் சுந்தராம்பாள் நந்தனாராக ஆண் வேடம் தாங்கினார். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராக நடித்தார். படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ஆயினும் அந்தக் கதைக்கு அன்று ஒரு தனி அர்த்தம் இருந்தது. கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட பக்தனின் கதை அது. அப்போது தமிழ்நாட்டின் பெருங்கோயில்கள் பலவற்றில் தாழ்த்தப்பட்டோர் நுழைய முடியாது. 1939-ல்தான் மதுரையில் அந்தக் கதவு திறந்தது. கோயில்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட பிறகு, 1946 பிப்ரவரியில், காந்தியடிகள் மதுரைக்கும் பழனிக்கும் வந்து தரிசனம் செய்தார்.

காந்தியடிகளுக்கும் அம்மையாருக்கும் தொடர்பு உண்டு. தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் அவர் பாடினார். தேசியப் பாட்டுக் கேட்கவென்றே கூட்டம் திரண்டது. கொடுமுடியில் காந்தியடிகளுக்குத் தங்கத் தட்டில் விருந்து படைத்தார் என்றும், அந்தத் தட்டையே அவர் நிதிக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்றும் ஒரு செய்தி இன்றும் வழங்கி வருகிறது. 1951-ல் சென்னைச் சட்டசபையின் மேல்சபையில் அம்மையார் அங்கத்தினரானார். ரயிலில் பாடிய சிறுமிக்குச் சட்டமன்றத்தில் ஆசனம்!

சீனத்தில் ஒரு குயில்

பாட்டும் நடிப்பும் சேர்ந்து ஒரு பெண்ணைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோவது தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததல்ல. அதே 1930-களில் சீனத்தின் ஷாங்காய் நகரில் சோவ் சுவான் என்றொரு பாடகி இருந்தார். பெற்றோர் யாரென்று தெரியாமல் வளர்ந்தவர். சிறுமியாக ஆடல் பாடல் குழுவொன்றில் சேர்ந்தார். இசைத்தட்டும் சினிமாவும் அவரை நாடறியச் செய்தன. 1937-ல் வந்த தெருத் தேவதை என்ற படத்தில் அவர் பாடிய பாட்டுகளைச் சீனர்கள் இன்றும் மறக்கவில்லை. தங்கக் குரல் என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் சொந்த வாழ்வில் ஏமாற்றங்கள் அடுக்கடுக்காக வந்தன. மனநோய்க்கு ஆளாகி 1957-ல், நாற்பது வயதுகூட நிரம்பாமல், அவர் மறைந்தார்.

இருவரும் ஏழைச் சிறுமிகள். இருவருக்கும் குரல்தான் முதல். இருவரையும் அன்பு காயப்படுத்தியது. ஒருவர் வாழ்வு பாதியில் கருகியது. மற்றவரோ எழுபது வயதைத் தாண்டியும் தலைநிமிர்ந்து நின்றார். விதி என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் சுந்தராம்பாளின் சபதத்துக்கும் இதில் பங்கு உண்டு. எதை நடிப்பது, எதை நடிக்க மறுப்பது என்பதை அவரே தீர்மானித்தார். தம் துக்கத்தை யாரும் விலைபேச விடவில்லை.

அவர் ஏற்ற வேடங்களை வரிசையாகப் பார்த்தாலே இது விளங்கும். நந்தனார், 1940-ல் மணிமேகலை, 1953-ல் ஜெமினியின் ஔவையார், 1964-ல் பூம்புகாரில் கவுந்தியடிகள், 1973-ல் காரைக்கால் அம்மையார். எல்லாரும் பற்றை விட்டவர்கள், அல்லது பரம்பொருளைத் தவிர வேறு துணை வேண்டாதவர்கள். தமிழ் சினிமாவில் கதாநாயகனே தேவைப்படாத கதாநாயகி அவர்.

குன்றின்மேல் குழந்தை

ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசன் பல ஆண்டுகள் உழைத்து எடுத்த ஔவையார் படம், யானைக் கூட்டத்தோடும் எண்ணற்ற பாட்டுகளோடும் நாடெங்கும் ஓடியது. அன்று முதல் ஔவை என்றால் சுந்தராம்பாள் என்று தமிழர் மனத்தில் பதிந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதில் அவர் பாட்டியானார். காதலி வேடம் வேண்டாம் என்று ஒதுங்கியவரைத் தமிழ்நாடு தன் பாட்டியாகவே ஏற்றுக்கொண்டது.

1965-ல் ஏ.பி. நாகராஜனின் திருவிளையாடல் வந்தது. ஞானப்பழத்துக்காக உலகைச் சுற்றிவந்த முருகன், பழம் அண்ணனுக்குப் போனதைக் கண்டு கோபித்துப் பழனிக் குன்றில் ஏறி நிற்கிறான். தாயும் தந்தையும் வருமுன் ஔவை வருகிறாள். அவள் பாடும் பாட்டின் தொடக்கம் சங்கரதாஸ் சுவாமிகளுடையது. இசை கே.வி. மகாதேவன். அவன் கோபத்தைத் தணிக்கவே சிவபெருமானின் திருவிளையாடல்களைப் பின்னர் வரும் தாய் பார்வதி கதை கதையாகச் சொல்கிறாள். முழுப் படமும் பழனியில் ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சொல்லும் கதைதான்.

1926-ல் கொழும்பு மேடையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டைப் பாடியவள் பதினெட்டு வயது வள்ளி. அவளுக்கு முருகன் காதலன். முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அதே சுவாமிகளின் பாட்டைப் பாடியவள் ஔவை. இவளுக்கு முருகன் பேரன். அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு மரணமும், ஒரு வெள்ளைப் புடவையும், ஒரு பெண்ணின் முழு வாழ்வும் கிடக்கின்றன. கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவரைத் திரும்பி வா என்று அழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தக் குரலுக்கு நன்றாகத் தெரியும். பழனி அடிவாரத்தில் அதைக் கேட்பவர்கள் காரணம் தெரியாமலே கண் கலங்குவது இதனால்தான் போலும்.

பிறகும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1967-ல் கந்தன் கருணையில் மீண்டும் ஔவையாக வந்தார். 1969-ல் சின்னப்பா தேவரின் துணைவன் படத்தில் பாடியதற்காகத் தேசிய விருது பெற்றார். 1970-ல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது. கொடுமுடியில் தம் பெயர் தாங்கிய திரையரங்கு ஒன்றையும் எழுப்பினார். 1980-ல் அந்தக் குரல் அடங்கியது.

அடங்கியது என்பதுகூடச் சரியல்ல. பங்குனி தோறும் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் பழனிக்கு வருகிறது. அடிவாரத்தில் காவடியை இறக்கி வைத்து இளைப்பாறும் பக்தர்களின் காதில், எங்கோ ஓர் ஒலிபெருக்கியிலிருந்து, அவர்கள் ஊர்க்காரியின் குரல் வந்து விழுகிறது. நடந்து வந்த களைப்பு தீர அவர்கள் எழுந்து காவடியைத் தூக்கிக்கொள்கிறார்கள். படிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. மேலே குழந்தை காத்திருக்கிறது.