ஆனந்த குமாரசுவாமி

மாணவர்களே, கோடைக்காலத்தில் மரக்காணத்து உப்பளங்களைக் கண்டவர் அக்காட்சியை எளிதில் மறவார். வரப்புகளுக்கிடையே உள்ள பாத்திகளில் கடல்நீர் வற்ற வற்ற, வெண்ணிற உப்பு விளைந்து தோன்றும். வானமும் கரையும் தோன்றாதவாறு அப்பாத்திகளை மட்டும் நிழற்படம் எடுத்தால், கோடுகளும் கட்டங்களுமே அதில் எஞ்சி நிற்கும். பொருளின் அடையாளத்தை விடுத்து, வடிவையும் ஒளியையுமே காட்டும் இத்தகைய படத்தை அருவப்படம் என்பர். இன்னதென விளங்கவில்லை என்று அதனைப் புறந்தள்ளுதல் எளிது. நின்று ஆராய்தலே அரிது. அவ்வரிய பண்பை உலகிற்கு உணர்த்தியவர் ஆனந்த குமாரசுவாமி ஆவார்.

இவர் 1877-ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தார். தந்தையார் முத்துக் குமாரசுவாமி என்னும் ஈழத்தமிழர்; தாயார் ஆங்கிலப் பெண்மணி. இளமையிலேயே தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டனில் நிலநூல் கற்றபின், இலங்கையில் கனிப்பொருள் ஆய்வுத்துறையின் தலைவரானார். கல்லைத் தேடி ஊர்தோறும் சென்றவர், நலிந்துவந்த கைவினைகளைக் கண்டு வருந்தினார். அவற்றை ஆராய்ந்து, 1908-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார்.

அக்காலத்து மேனாட்டார் சிலர், பல கைகளையுடைய நம் திருவுருவங்களை இகழ்ந்தனர். படைத்தவன் கருதியது யாது, கருதியதை அவன் செவ்வனே முடித்தானா என்னும் இவ்விரண்டையும் ஆராயாமல் கூறுவது திறனாய்வாகாது என்பது குமாரசுவாமியின் கொள்கை. அவ்வழி நின்று, கூத்தப்பெருமான் திருவுருவின் உட்பொருளை அவர்களும் உணருமாறு விளக்கினார்.

1917-இல் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நுண்கலைக்கூடத்தில் பணியேற்றார். அந்நாட்டு நிழற்படக் கலைஞர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் அவர்தம் நண்பர். ஸ்டீக்லிட்ஸ் படங்களின் ஆற்றல், எதிரில் அமர்ந்தவரை அவர் வயப்படுத்துவதால் வந்தது என ஒருவர் குறை கூறினார். ஸ்டீக்லிட்ஸ் அக்குறையைப் புறக்கணித்தாரல்லர். 1922-இல், எவர்க்கும் வயப்படாத மேகங்களை நோக்கித் தம் கருவியைத் திருப்பினார். அருவப்படக் கலையின் முன்னோடிகளாக அம்மேகப்படங்கள் இன்று போற்றப்படுகின்றன.

நிழற்படம் கருவியின் வேலையே, கலையன்று எனப் பலர் கருதிய காலம் அது. குமாரசுவாமியோ ஸ்டீக்லிட்ஸின் படங்களைக் கலைக்கூடத்திற்கு விரும்பிக் கேட்டார். அதன் பயனாக, 1924-இல் இருபத்தேழு படங்கள் அங்கே இடம்பெற்றன. சிலைக்கு வைத்த அளவுகோலையே அவர் படத்திற்கும் வைத்தார்.

1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் அவர் மறைந்தார். விளங்காத ஒன்றைக் காணும்போது, இகழ்வதற்குமுன் ஒருகணம் நின்று நோக்குவோமாக. அதுவே அப்பெரியார்க்கு நாம் செய்யும் கைம்மாறு.