காலணி தைத்த பிரபு

தாம் பிறந்த வீடு எது என்று விருந்தினர் கேட்டால், லேவ் டால்ஸ்டாய் தோட்டத்தில் நின்ற உயரமான லார்ச் மரம் ஒன்றின் உச்சியைச் சுட்டிக்காட்டுவார். அவர் பிறந்த அறை ஒருகாலத்தில் அந்த உயரத்தில்தான் இருந்தது. வீடு போய்விட்டது, அது நின்ற இடத்தில் மரம் வளர்ந்துவிட்டது.

ரஷ்யாவில் துலா நகருக்கு அருகிலுள்ள யாஸ்னயா போல்யானா, தாய்வழியில் டால்ஸ்டாய்க்கு வந்த பண்ணை. 1828-இல் அங்கே பிறந்த அவர், இரண்டு வயது நிறையுமுன் தாயையும் ஒன்பதாம் வயதில் தந்தையையும் இழந்தார். இளமையில் படையில் சேர்ந்தார், சூதாட்டத்திற்கும் அடிமையானார். 1854-இல் அவரது ஒப்புதலுடன் அந்தப் பெரிய வீடு அண்டையிலிருந்த நிலக்கிழார் ஒருவருக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் அதைப் பிரித்து எடுத்துச் சென்று தம் ஊரில் மீண்டும் எழுப்பிக்கொண்டார். விற்ற பணம் சீட்டாட்டத்தில் கரைந்தது.

எஞ்சியவை இரண்டு பக்கக் கட்டடங்களே. அவற்றுள் ஒன்றைத்தான் டால்ஸ்டாய் தம் இல்லமாக்கிக்கொண்டார். 1862-இல் மாஸ்கோ மருத்துவரின் மகளான பதினெட்டு வயது சோஃபியா மணமகளாக வந்தது அங்கேதான். குடும்பம் பெருகப் பெருக அக்கட்டடத்தோடு புதிய அறைகளைச் சேர்த்தார். தடித்த சுவர்களும் வளைந்த கூரையும் உடைய பழைய சேமிப்பறை ஒன்று அவரது எழுத்தறையாயிற்று. ‘போரும் அமைதியும்’ உருவானது இவ்வீட்டில்தான். இழந்த மாளிகையை மீண்டும் எழுப்ப அவர் முயலவே இல்லை.

1881-இல் பிள்ளைகளின் கல்விக்காகக் குடும்பம் மாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. மறு ஆண்டு நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொண்டராகச் சேர்ந்த டால்ஸ்டாய், ஏழைகள் நெருக்கியடித்துக் கிடந்த சந்துகளை நேரில் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தை உலுக்கியது. பிறர் உழைப்பின்மேல் அமர்ந்துகொண்டு பிறருக்குத் தருமம் செய்வது எவ்வாறு பொருந்தும் என்ற கேள்வி அவரை விடவில்லை. அவர் கண்ட விடை எளியது: தம் வேலையைத் தாமே செய்வது. விறகு பிளந்தார், தண்ணீர் சுமந்து வந்தார். காலணி தைப்பவர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து அத்தொழிலைக் கற்றார். மாஸ்கோ வீட்டில் எழுத்தறையை ஒட்டிய சிற்றறையில் அவரது ஊசியும் சுத்தியலும் இன்றும் காட்சிக்கு உள்ளன.

அவர் தைத்த காலணிகள் சிறந்தவை அல்ல என்றே பலர் கருதினர். ஆயினும் 1885-இல் கவிஞர் ஃபெட் தமக்கெனத் தைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். ஆறு ரூபிள் கூலி தந்ததோடு நற்சான்றும் எழுதிக் கொடுத்தார். பின்னாளில் மருமகனான சுகோத்தின், தமக்குக் கிடைத்த காலணியை அணியவில்லை. டால்ஸ்டாயின் பன்னிரண்டு நூல் தொகுதிகளுக்குப் பக்கத்தில் பதின்மூன்றாம் தொகுதியாக அடுக்கி வைத்தார். வேடிக்கைதான். ஆனால் டால்ஸ்டாய்க்குத் தோல் தைக்கும் வேலை வேடிக்கை அன்று. நாவல்கள் தந்த புகழில் காணாத நிறைவை அவர் அதில் கண்டார்.

கிராமம் அவரை அழைத்துக்கொண்டே இருந்தது. 1886 வசந்தத்தில் நண்பர்களுடன் மாஸ்கோவிலிருந்து யாஸ்னயா போல்யானா வரை சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தை நடந்தே கடந்தார். கோடைகளில் உழவர்களோடு வைக்கோற்புல் அறுத்தார். விதவை ஒருத்திக்குக் குடிசை கட்டக் கைகொடுத்தார். ஏர் பிடித்து உழும் அவரை ஓவியர் ரேப்பின் 1887-இல் வரைந்தார். அதே ஓவியர் தீட்டிய இன்னொரு படத்தில், வளைகூரை எழுத்தறையின் சுவரருகே அரிவாளும் ரம்பமும் காணப்படுகின்றன.

இந்த வாழ்வின் விலையில் பெரும்பங்கைச் செலுத்தியவர் சோஃபியா. பதின்மூன்று குழந்தைகளைப் பெற்றவர் அவர். கணவரின் கையெழுத்துப் படிகளை மீண்டும் மீண்டும் பிரதி எடுத்தவர். கணவர் சொத்தைப் பாவமென்று கருதத் தொடங்கியபின், நூல்களைப் பதிப்பித்து வீட்டுச் செலவைச் சமாளித்தவரும் அவரே. பிரபு ஏர் பிடிக்கும் வேளையில் வேலையாட்களுக்கு யார் கூலி தருவது, பிள்ளைகளை யார் படிக்க வைப்பது என்ற அவருடைய கேள்விகளில் நியாயம் இருந்தது. டால்ஸ்டாயும் இதை உணராதவர் அல்லர். 1892-இல் தம் சொத்தை மனைவிக்கும் மக்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். எனினும் வெள்ளிக் கரண்டிகள் ஒலிக்கும் உணவுமேசையில், உழவர் சட்டையுடன் அவர் தொடர்ந்து அமர்ந்திருக்க வேண்டியதாயிற்று. அந்த முரண் அவரைக் கடைசிவரை வருத்தியது. 1901-இல் மாஸ்கோ வாசம் முடிந்தபின்னும் வீட்டில் அமைதி வரவில்லை. இறுதி ஆண்டுகளில் உயில் பற்றிய பூசல் முற்றியது.

1910 நவம்பரில் ஓர் அதிகாலை இருளில், எண்பத்திரண்டு வயது டால்ஸ்டாய் மருத்துவ நண்பருடன் வீட்டைவிட்டு வெளியேறினார். வழியில் நிமோனியா கண்டு, அஸ்தாப்போவோ ரயில் நிலைய அதிகாரியின் வீட்டில் நவம்பர் 20 அன்று உயிர் நீத்தார். தேடி வந்த சோஃபியாவை, அவர் நினைவிழந்த பின்னரே அருகில் செல்ல அனுமதித்தனர். யாஸ்னயா போல்யானா காட்டில், சிலுவையோ கல்வெட்டோ இல்லாத மண்மேட்டின்கீழ் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

சோஃபியா அந்த வீட்டிலேயே தங்கினார். கணவரின் அறைகளை அவர் விட்டுச்சென்றபடியே காத்து, 1919-இல் தம் மரணம் வரை அங்கே வாழ்ந்தார். 1921-இல் அவ்வீடு அருங்காட்சியகமாயிற்று.