பர்மா சென்ற அம்மையார்

என் அப்பத்தா 1964-ஆம் ஆண்டு, தமது 16-ஆம் வயதில், ரங்கூனிலிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்தவர். அவருடைய தகப்பனார், யுத்தத்துக்கு முன்னர், ரங்கூன் ஜட்சன் கல்லூரி விடுதியில் சமையல் வேலை பார்த்தவராம். அந்தக் காலத்துக் கதைகளைத் தகப்பனார் வாயால் கேட்டு, அப்பத்தா எனக்குச் சொல்வதுண்டு. ஜட்சன் என்றால் யார் என்று ஒரு நாள் கேட்டேன். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை என்று சொல்லி, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

நமது நூலகத்தில் தேடிப் பார்த்தேன். அடோனிராம் ஜட்சன் ஆங்கிலேயர் அல்லர், அமெரிக்கப் பாதிரியார். விவிலியத்தைப் பர்மிய மொழியில் பெயர்த்தவர். பர்மிய அகராதி தொகுத்தவர். அவருடைய வரலாற்றைப் படிக்கப் படிக்க, என் கவனம் துரையை விட்டு அவர் மனைவியின்மேல் சென்றுவிட்டது. ஆகவே இக்கட்டுரை ஆன் ஜட்சன் அம்மையாரைப் பற்றியது. நான் அவருடைய மதத்தைச் சேர்ந்தவள் அல்லள். அவர் எழுத்தில் பர்மியரின் வழிபாட்டைத் தாழ்த்திப் பேசும் இடங்கள் உண்டு; அவை எனக்கு உறுத்தவே செய்தன. ஆயினும் அந்நிய நாட்டில் அவர் நாள்தோறும் என்ன உண்டார், யாரோடு பேசினார், எதை இழந்தார் என்று பார்க்கும்போது, மதத்தைப் பற்றிய வழக்கைச் சற்றே ஒதுக்கிவைக்கத் தோன்றுகிறது.

1789-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள பிராட்ஃபோர்டு என்னும் ஊரில் பிறந்தார் ஆன் ஹாசல்டைன். அவ்வூர்ப் பள்ளியிலேயே படித்துப் பின்பு ஆசிரியைப் பணி செய்தார். 1810-இல் தம் வீட்டு விருந்துக்கு வந்த இளைஞர் ஜட்சனைக் கண்டார். பெண் கேட்டு ஜட்சன் எழுதிய கடிதம் விசித்திரமானது. மகளை இவ்வுலகில் இனி ஒருபோதும் காண முடியாமற் போகலாம், வெப்ப நாட்டின் நோய்களுக்கும் வறுமைக்கும் அவமதிப்புக்கும் அவள் ஆளாகலாம், அதற்குச் சம்மதமா என்று தந்தையையே கேட்டிருந்தார். தந்தை முடிவை மகளிடமே விட்டுவிட்டார். 1812 பிப்ரவரி 5-ஆம் நாள் திருமணம். இரண்டே வாரத்தில், 19-ஆம் நாள், சேலம் துறைமுகத்தில் 'காரவான்' என்னும் கப்பலில் ஏறினர். (நம் சேலம் அன்று, அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்கிறது.)

கல்கத்தாவில் அவர்களுக்கு வரவேற்பு இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் மிஷனெரிகளை விரும்பாத காலம் அது. நாட்டை விட்டுப் போகும்படி உத்தரவிட்டனர். இதனிடையே இருவரும் பாப்டிஸ்டு சபையின் கொள்கைக்கு மாறிவிட்டதால், அனுப்பிவைத்த சங்கத்தின் உதவியும் அற்றுப்போயிற்று. மொரிஷியசுக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கு முன் சென்றிருந்த தோழி ஹாரியட் நியூவெல், தம் குழந்தையைப் பறிகொடுத்துத் தாமும் 19 வயதில் மாண்டுபோன செய்திதான் காத்திருந்தது. அங்கிருந்து 1813 ஜூன் மாதம் நம் சென்னைக்கு வந்தனர். லவ்லெஸ் என்ற ஆங்கில மிஷனெரி வீட்டில் தங்கினர். சென்னையிலும் கம்பெனி ஆட்சிதானே? பிடித்துக் கப்பலேற்றி விடுவார்களோ என்ற அச்சத்தில், துறைமுகத்தில் புறப்படத் தயாராக நின்ற 'ஜார்ஜியானா' என்னும் பழங்கப்பலில் இடம் பிடித்தனர். அது ரங்கூனுக்குப் போகும் கப்பல். பர்மாவைப் பற்றி எல்லாரும் எச்சரித்திருந்தனர். வேறு கப்பல் இருந்திருந்தால் அவர்கள் வரலாறு வேறு திசையில் போயிருக்கும்!

ஆன் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. துணைக்கு அமர்த்தியிருந்த ஐரோப்பியப் பெண், கப்பல் புறப்பட்டவுடனேயே தளத்தில் விழுந்து இறந்துபோனாள். மருத்துவர் இல்லை. நடுக்கடலில் குழந்தை இறந்தே பிறந்தது. 1813 ஜூலை 13-ஆம் நாள் ரங்கூன் வந்தபோது, அவரால் நடக்க முடியவில்லை. ஒரு நாற்காலியில் மூங்கில்களைக் கட்டி, பர்மியர் தோளில் சுமந்து சென்றனர். வழியில் இறக்கி வைத்தபோது பெண்கள் சூழ்ந்துகொண்டு உற்றுப் பார்த்தனர். தலை கவிழ்ந்திருந்த ஆன் நிமிர்ந்து புன்னகை செய்தார். உடனே அத்தனை பெண்களும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்களாம். அந்த நாட்டில் அவர் முதலில் பெற்றதும் கொடுத்ததும் அந்தச் சிரிப்புத்தான்.

நகருக்கு வெளியே ஒரு வீடு. ரொட்டி இல்லை, வெண்ணெய் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. சோறு, கோழிக் குழம்பு. அலுத்துவிட்டால் வெள்ளரிக்காய் போட்டு அவித்த கோழி. இதைப் படித்துக் காட்டியபோது, அப்பத்தா இதில் என்ன குறை என்று கேட்டார்! அமெரிக்காவிலிருந்து வந்தவருக்கு அது குறைதான்.

மொழி கற்றதுதான் பெரிய கதை. ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரியாது. இவர்களுக்குப் பர்மியம் தெரியாது. அகராதி இல்லை. ஒரு பொருளைச் சுட்டிக்காட்ட வேண்டியது, அவர் சொல்லும் ஒலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியது. ஓலைச்சுவடிகளிலோ சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. நம் பழைய ஏடுகளைப் படித்தவர்களுக்கு இந்தத் துன்பம் புரியும். ஒரு பெண்ணுக்குப் பாடம் சொல்வதா என்று ஆசிரியர் முதலில் முகம் சுளித்தார். கணவர் நாள் முழுவதும் இலக்கணத்தோடு போராடினார். மனைவிக்கோ சமையல்காரரிடம் பேச வேண்டும், சந்தைக்கு ஆள் அனுப்ப வேண்டும், அண்டை வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டும். விளைவு என்ன? இலக்கணத்தில் கணவர் முந்தினார். பேச்சில் மனைவி முந்திவிட்டார். ரங்கூனில் வாழ்ந்த சயாமியருக்காகச் சயாமிய மொழியையும் கற்று, அதில் ஒரு வினா-விடை நூல் எழுதினார். 1819-இல் அது சேராம்பூரில் அச்சேறியது. சயாமிய மொழியின் முதல் அச்சு நூல்களை எண்ணுவோர் அதை விடுவதில்லை.

1815 செப்டம்பரில் ரோஜர் என்ற மகன் பிறந்தான். எட்டு மாதம் இருந்தான், காய்ச்சலில் போய்விட்டான். ரங்கூன் ஆளுநரின் மனைவி, தம் பரிவாரத்தோடு துக்கம் விசாரிக்க வந்தார். ஆன் முன்னரே அவரை அரண்மனையில் சென்று கண்டு பழகியிருந்தார். அந்நிய நாட்டில் பாதுகாப்பு வேண்டுமானால் வீட்டுப் பெண்களின் நட்பு வேண்டும் என்பதைக் கணவருக்கு முன்பே அறிந்துகொண்டவர் அவர் என்று நான் நினைக்கிறேன்.

அந்த அறிவு 1818-இல் உதவிற்று. பர்மிய மொழி பேசும் ஒரு கிறிஸ்தவரைத் தேடி, ஜட்சன் முந்தைய டிசம்பரில் சிட்டகாங்குக்குக் கப்பலேறினார். காற்றோ வேறு நினைத்தது. கப்பல் வங்கக் கடலில் அலைந்து மசூலிப்பட்டணத்தில் ஒதுங்கியது. அங்கிருந்து பல்லக்கில் சென்னை வந்து, ஊர் திரும்பக் கப்பலின்றி மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார். ரங்கூனில் அவர் இறந்துவிட்டதாகவே பேச்சு. ஊரில் வாந்திபேதி, ஆங்கிலேயரோடு போர் வருமென்ற வதந்தி வேறு. அச்சு இயந்திரத்தோடு 1816-இல் வந்திருந்த ஹஃப் என்பவரை அதிகாரிகள் நாள்தோறும் அழைத்து விசாரித்து அலைக்கழித்தனர். ஆன் ஒரு விண்ணப்பம் எழுதுவித்து, நேரே ஆளுநர் முன் சென்றார். தொல்லை நின்றது. ஆயினும் ஹஃப் குடும்பம் வங்காளத்துக்குப் புறப்பட்டது. ஆனையும் வற்புறுத்திக் கப்பலில் ஏற்றினர். ஆற்றில் சிறிது தூரம் போய்க் கப்பல் பழுதென்று நின்றபோது, அவர் தம் பெட்டிகளை இறக்கச் சொல்லி, ஆளில்லாத அந்த வீட்டுக்குத் தனியே திரும்பிவிட்டார். கணவர் உயிரோடிருக்கிறாரா என்பதே தெரியாது. சில வாரங்களில் ஜட்சன் வந்து சேர்ந்தார். வீடு பூட்டிக் கிடந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார்?

1819 ஏப்ரலில், பெரிய பகோடாவுக்குப் போகும் சாலையோரம், மூங்கிலும் கீற்றும் கொண்டு ஒரு சாவடி கட்டினர். அந்நாட்டு வழக்கப்படி அங்கே அமர்ந்து, போவோர் வருவோரை அழைத்துப் பேசினார் ஜட்சன். பெண்களைக் கூட்டிவைத்து வாசித்துக் காட்டினார் ஆன். அவ்வாண்டு ஜூன் 27-ஆம் நாள்தான் மவுங் நௌ என்ற முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றார். வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன! பரீட்சைக்கு ஆறு மாதம் படிக்கவே அலுத்துக்கொள்ளும் நாம் இதைச் சிறிது நினைத்துப் பார்க்கலாம்.

ஈரல் நோய் முற்றியதால் 1821-இல் ஆன் தாயகம் சென்றார். அங்கிருந்த நாளில் பர்மா மிஷனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1823 டிசம்பரில் திரும்பியதும், இருவரும் தலைநகர் ஆவாவுக்குச் சென்றனர். 1824-இல் போர் மூண்டது. மே மாதம் ரங்கூன் ஆங்கிலேயர் வசமாயிற்று. அமெரிக்காவிலிருந்து வரும் பணத்தை, ஆவாவில் இருந்த கௌஜர் என்னும் ஆங்கில வணிகர் மூலமாகத்தான் ஜட்சன் மாற்றிவந்தார். கணக்கில் அதைக் கண்ட பர்மிய அதிகாரிகள் அவரை ஒற்றர் என்று முடிவு செய்தனர். அவர்கள் நிலையில் இருந்து பார்த்தால் அப்படி எண்ணியதில் பெரிய வியப்பில்லை. ஜூன் 8-ஆம் நாள் உணவு வேளையில் வந்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி இழுத்துச் சென்றனர்.

கால்களில் மூன்று சோடி விலங்கு. இரவில் கைதிகளின் கால்களை ஒரு மூங்கிலில் கோத்து உயரே தூக்கிவிடுவார்களாம். ஆன் தம் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் எரித்துவிட்டார். வெள்ளிப் பணத்தையும், பர்மிய மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் படியையும் மண்ணில் புதைத்தார். மழைக்காலம் வந்தால் தாள் மக்கிவிடும் அல்லவா? எடுத்து ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்தார். யாரும் ஆசைப்படாதபடி கரடுமுரடான தலையணை. அதைச் சிறைக்கே அனுப்ப, ஜட்சன் அதன்மேல் தலைவைத்துப் படுத்தார்.

நாள்தோறும் இரண்டு மைல் நடந்து சிறைவாசலுக்குப் போவார் ஆன். இரவில் இருட்டில் திரும்புவார். பர்மியப் பெண்களைப் போல் உடுத்திக்கொண்டார். ஒவ்வொரு காவலனுக்கும் கையூட்டு. உள்ளே ஒரு பாயை அனுப்ப ஒரு வேண்டுதல், தண்ணீர் அனுப்ப இன்னொரு வேண்டுதல். ஒரு முறை எருமை இறைச்சியையும் வாழைப்பழத்தையும் கொண்டு, தம் ஊர்ப் பலகாரம் ஒன்றைப் போலச் செய்து அனுப்பினார். அதைக் கண்டதும் ஜட்சனுக்கு ஊரும் வீடும் நினைவுக்கு வந்துவிட்டன. ஒரு வாய்கூட உண்ண மாட்டாமல் அழுது, பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டார்.

1825 ஜனவரி 26-ஆம் நாள் மரியா பிறந்தாள். மே மாதம், அரண்மனை வடவாயில் அதிகாரி, தம் கடிகாரத்தைப் பற்றி ஏதோ கேட்க வேண்டுமென்று ஆனை அழைத்துப் பேச்சுக்கொடுத்தார். திரும்பி வந்து பார்த்தால் சிறை காலி. கொடுமையைக் கண்ணால் காணாதிருக்கட்டும் என்றே அவர் அழைத்திருக்கிறார்! கைதிகளைக் கொதிக்கும் மணலில் வெறுங்காலோடு ஆங்பின்லே என்னும் ஊருக்கு நடத்திச் சென்றிருந்தனர். கௌஜரின் வங்காளி வேலைக்காரன், தன் தலைப்பாகையைக் கிழித்து ஜட்சனின் இரத்தம் ஒழுகும் கால்களில் சுற்றினானாம். தலையணையைச் சிறைக் காவலன் பிய்த்துப் பஞ்சை எறிந்துவிட்டுப் போனான். மவுங் இங் என்ற பர்மியச் சீடர் அந்தப் பஞ்சுருளையை நினைவுப் பொருளாக எடுத்து வைத்தார். உள்ளே நூல் இருந்தது பின்னர்தான் தெரிந்தது.

மூன்று மாதக் குழந்தையோடும், வளர்த்துவந்த இரண்டு பர்மியச் சிறுமிகளோடும், ஒரு வங்காளிச் சமையல்காரரோடும் ஆன் பின்தொடர்ந்தார். சிறுமிகளில் ஒருத்திக்கு அம்மை கண்டது. ஊர்க் குழந்தைகளுக்கு ஆன் தம் கையாலேயே அம்மைப்பால் குத்தினார். தம் குழந்தைக்கும் குத்தினார். அது பலிக்கவில்லை, மரியாவுக்கு அம்மை வார்த்தது. பிறகு ஆனே நோயில் விழுந்தார், பால் வற்றிவிட்டது. ஜட்சன் காவலரிடம் கெஞ்சி, விலங்கோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஊரிலுள்ள தாய்மார்களிடம் பால் பிச்சை கேட்டு வீடுவீடாகப் போனார். அவர்கள் கொடுத்தார்கள். தம் சாதி ஆசாரத்தையெல்லாம் மறந்து, பல மைல் நடந்து உணவும் விறகும் கொண்டுவந்து அவர்களைக் காப்பாற்றியவர் அந்தச் சமையல்காரர். அவருடைய பெயர் வரலாற்றில் இல்லை. துரையின் பெயரால் கல்லூரி எழுந்தது. அதன் விடுதியில் சமைத்த என் பாட்டனார் பெயரும் எந்த ஏட்டிலும் இராது.

நவம்பரில், சமாதானம் பேச மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதால், ஜட்சனை வெளியே எடுத்தனர். 1826 பிப்ரவரி 24-ஆம் நாள் யாண்டபோ உடன்படிக்கை. அரக்கானும் தெனாசெரிமும் கம்பெனியார் கைக்குப் போயின. அந்நாட்டைத் தம் நாடாகக் கொண்டவர், அதன் தோல்விப் பத்திரத்துக்கு மொழி சொன்னார் என்பதை நான் சற்று வருத்தத்தோடுதான் படித்தேன். ஆங்கிலத் தளபதி அளித்த விருந்தில் ஆனுக்கு முதல் மரியாதை. எதிரே அமர்ந்திருந்த பர்மியத் தூதர்களில் ஒருவர் வெடவெடவென்று நடுங்கினார். முன்பு கணவருக்காக மன்றாடச் சென்ற ஆனின் குடையைக் கொளுத்தும் வெயிலில் பறித்துக்கொண்டு கேலி செய்தவர் அவர்தாம். பயப்பட ஒன்றுமில்லை என்று ஆன் அவரிடம் பர்மிய மொழியில் மெல்லச் சொன்னார்.

ஆங்கிலேயர் வசமாகிய ஆம்ஹர்ஸ்டில் குடியேறினர். உடன்படிக்கை வேலையாக ஜட்சன் ஜூலையில் மீண்டும் ஆவா போனார். ஆன் ஒரு மூங்கில் வீடும், பள்ளிக் கொட்டகையும் கட்டினார். காய்ச்சல் வந்தது. ஜட்சனுக்கு நவம்பர் 24-ஆம் நாள் கறுப்பு முத்திரையிட்ட ஒரு கடிதம் கிடைத்தது. கொண்டுவந்து கொடுத்தவர் குழந்தை இறந்த செய்தி என்று சொல்லிவிட்டார். பிரித்துப் படித்தபோதுதான் இறந்தது மனைவி என்று தெரிந்தது. அக்டோபர் 24-ஆம் நாளே அவர் போய்விட்டார். வயது 36. ஆறு மாதத்தில் மரியாவும் தாயின் அருகே அடக்கமானாள். ஜட்சன் விவிலியத்தைப் பெயர்த்து முடித்தது 1834-இல்.

உயிர் பிரியும் நேரத்தில் ஆன் வேதனையோடு ஏதோ ஒன்று சொன்னாராம். அது ஆங்கிலத்தில் இல்லை, பர்மிய மொழியில் இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இதை அப்பத்தாவிடம் சொன்னேன். நம் ஊருக்கு வந்து பத்து வருஷம் கழித்து இறந்த அவர் தகப்பனாரும், கடைசியில் தண்ணீர் கேட்டது பர்மிய மொழியில்தானாம்.