சாரணியத்தின் தந்தை பேடன் பவல் பிரபு

சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் முடியாததுமாகச் சாரணர் சீருடையை அணிந்துகொண்டு பாசறைக்குப் புறப்படும் மாணவ மாணவியர் நம்மிடையே உள்ளனர். அவர்களுள் பன்னிரண்டு பதின்மூன்று வயதுடைய ஒரு பிள்ளை தன் அணிக்குத் தலைமை ஏற்கும்போது, வீட்டில் மகிழ்ச்சியோடு சிறிது கலக்கமும் எழுவது இயல்பே. ஆறேழு பிள்ளைகளுக்கு உணவு ஆக்கிக் கொடுப்பதும், இரவில் அவர்களைக் கூடாரத்தில் உறங்கவைப்பதும், ஒருவன் காலிற் காயம் பட்டாற் கட்டுப்போடுவதும் இந்தச் சின்னப் பிள்ளையின் பொறுப்பா, பெரியவர்கள் எங்கே போனார்கள் எனப் பெற்றோர் வினவுகின்றனர். நியாயமான வினாவே. இதற்கான விடை, அவ்வியக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் பிரபுவின் வாழ்க்கையிலே பொதிந்து கிடக்கின்றது.

றொபேட் பேடன் பவல் 1857ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 22ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் வடிவகணிதப் பேராசிரியராக விளங்கியவர், சமயகுருவுமாவார். றொபேட்டுக்கு மூன்று வயதானபோது அவர் காலமானார். பெரிய குடும்பத்தின் சுமை முழுவதும் தாயார் மீது விழுந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளப் பழகினர். மூத்த தமையன் வொரிங்ரன் கடற்றொழில் பயின்றவர். விடுமுறைக் காலங்களில் தம்பியரைப் பாய்மரப் படகில் ஏற்றிக்கொண்டு கடலோடுவார். படகில் அவர் சொல்லே சட்டம். இளையவனாகிய றொபேட்டுக்குச் சமையலும் பாத்திரம் கழுவுவதும் பங்காயின. தலைமை தாங்குவதற்கு முன்னர், நல்ல தலைமையின் கீழ் வேலை செய்யும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வாய்த்தது.

சாட்டர்கவுஸ் பாடசாலையில் அவர் கல்வியிற் சிறந்த மாணவர் அல்லர். பாடசாலை 1872இல் கொடால்மிங் என்னும் ஊருக்கு இடம்பெயர்ந்தபோது, அருகே ஒரு சிறு காடு அமைந்திருந்தது. அங்கு செல்லுதல் தடை. றொபேட்டோ அங்கு ஒளிந்து திரிந்து, விலங்குகளின் அடிச்சுவடுகளைப் பார்த்துப் பழகினார். முயல் பிடித்து, ஆசிரியர் கண்டுகொள்ளாதவாறு புகை எழாமல் தீ மூட்டிச் சமைத்தும் உண்டார். (நம் மாணவர்கள் இதனைப் பின்பற்றவேண்டும் என்பதற்காக இங்கு எழுதவில்லை.) ஒக்ஸ்போட்டிற் சேரும் முயற்சி கைகூடவில்லை. ஆனால் 1876இல் படைத்துறைத் தேர்வில் உயர்ந்த இடத்தைப் பெற்றுப் பத்தொன்பதாம் வயதிற் குதிரைப்படை அதிகாரியாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் போர்ப் பணியிற் கழிந்தன. பிரித்தானியப் பேரரசை விரிவாக்கவும் காக்கவும் நடந்த போர்கள் அவை. அவற்றின் விரிவு இங்கு வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது ஒரு செய்தி. 1897இல் மீரட் நகரில் ஒரு குதிரைப்படைப் பிரிவின் பொறுப்பை ஏற்றபோது, வேவு பார்க்கும் வீரர்களைப் பெருங்கூட்டமாக நிறுத்திப் பயிற்றுவதை விடுத்து, சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார். தானே கண்டு, தானே சிந்தித்து, தானே முடிவெடுக்கும் வீரனே அவருக்குத் தேவைப்பட்டான். இப்பயிற்சியைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் 1899இல் வெளியாயிற்று.

அதே ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் தென்னாபிரிக்காவின் மாபெகிங் நகரைப் போயர் படைகள் சூழ்ந்துகொண்டன. நகரைக் காக்கும் பொறுப்பு பேடன் பவலுடையது. முற்றுகை 217 நாட்கள் நீடித்தது. போரிடக்கூடிய ஆடவர் போதாமையால், அவரது முதன்மை அலுவலர் எட்வேட் செசில் பிரபு நகரத்துச் சிறுவர்களை ஒரு படையணியாகத் திரட்டினார். ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் செய்தி கொண்டுசெல்லவும், தபால் விநியோகிக்கவும், காவல் நிற்கவும் பழக்கப்பட்டனர். அவர்களுக்குத் தலைவன் வோணர் குட்இயர் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன். முற்றுகைக் காலத்தில் அந்நகரில் அச்சிடப்பட்ட தபால்தலை ஒன்றில் அவன் துவிச்சக்கர வண்டியில் அமர்ந்திருக்கும் படம் இடம்பெற்றது. வேலை விளையாட்டாக இல்லாமல் உண்மையான வேலையாக இருக்கும்போது சிறுவர் அதனை எத்துணைப் பொறுப்போடு செய்கின்றனர் என்பதைப் பேடன் பவல் கண்ணாரக் கண்டார்.

மாபெகிங்கின் கதையை முழுமையாகச் சொல்லவேண்டுமாயின் மற்றொன்றையும் மறைத்தல் ஆகாது. நகரத்தை அடுத்து வாழ்ந்த கறுப்பின மக்களும் அந்த முற்றுகைக்குள் அகப்பட்டிருந்தனர். வெள்ளையருக்குக் கிடைத்த உணவுப் பங்கு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களிற் பலர் பட்டினியால் மடிந்தனர். 1900ஆம் ஆண்டு மே மாதம் முற்றுகை விலகியபோது இங்கிலாந்துத் தெருக்களில் மக்கள் ஆடிப்பாடினர். பேடன் பவல் நாற்பத்து மூன்று வயதில் தேசிய வீரரானார். அந்த மக்களின் துயரத்தை அன்று நினைத்தோர் மிகச் சிலரே. பெரியோர் வாழ்க்கையைப் படிக்கும் பிள்ளைகள் இதனையும் சேர்த்தே அறிந்துகொள்ளல் நன்று.

1903இல் தாயகம் மீண்ட அவருக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. படைவீரருக்கென எழுதிய நூலை ஆசிரியர்களும் சிறுவர்களும் படித்துக்கொண்டிருந்தனர்! 1904இல் கிளாஸ்கோ நகரில் வில்லியம் சிமித் என்பார் நிறுவிய சிறுவர் படையின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். ஆயிரக்கணக்கான சிறுவர் சீராக நடந்து சென்றனர். சிறுவர்களுக்கேற்ற வகையில் அந்நூலைத் திருத்தி எழுதுமாறு சிமித் வேண்டினார். எழுதுமுன் தம் எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பினார் பேடன் பவல்.

அச்சோதனை நடைபெற்ற இடம் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிறவுன்சித் தீவு. காலம் 1907ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத் தொடக்கம். ஏறத்தாழ இருபது சிறுவர் வந்து சேர்ந்தனர். ஒரு பாதியினர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். பெரும் பாடசாலைகளிற் பயின்றவர்கள். மறு பாதியினர் அயலிலுள்ள பூல், போண்மத் ஆகிய ஊர்களின் உழைப்பாளர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். வகுப்பு வேற்றுமை கடுமையாக நிலவிய அந்நாட்டில் இவ்விரு திறத்தாரும் ஒரே கூடாரத்தில் உறங்குவது புதுமையினும் புதுமை.

வந்தவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஓநாய், காளை, அண்டங்காகம், வளைந்த நீள் அலகுடைய கரையோரப் பறவை ஒன்று என அணிகள் பெயர் பெற்றன. ஒவ்வோர் அணிக்கும் தோளில் அணிய ஒரு நிறத்து நாடா. வயதில் மூத்த சிறுவன் அணித் தலைவன். அவன் கையில் அணியின் விலங்கு வரையப்பட்ட சிறு கொடி. முதலில் அணித் தலைவர்களுக்கு மட்டும் தனியாகப் பயிற்சி அளித்தார் பேடன் பவல்; அவர்கள் தத்தம் அணிக்குச் சென்று கற்பித்தனர். அணியின் ஒழுங்குக்கும் நடத்தைக்கும் முழுப் பொறுப்பும் அவர்களுடையதே. ஒவ்வோர் இரவும் ஓர் அணி மாவும் இறைச்சியும் கிழங்கும் பெற்றுக்கொண்டு தீவின் வேறோர் இடத்துக்குச் சென்று, தானே சமைத்துண்டு, காவலும் வைத்து, அங்கேயே தங்கியது. விடியற்காலையில் ஆபிரிக்க மானொன்றின் நீண்ட கொம்பை ஊதி அனைவரையும் எழுப்புபவர் பேடன் பவல். பகலில் அவர் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தார். பெருந்தளபதி ஒருவர் தம் கையிலுள்ள அதிகாரத்தைச் சிறுவரிடம் விட்டுக்கொடுத்து விலகி நிற்பது எளிதான செயலன்று. அவரது வாழ்க்கையில் மாபெகிங் வெற்றியைக் காட்டிலும் இதுவே பெரிது என்பது என் எண்ணம்.

1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரது சிறுவர் சாரணியம் பற்றிய நூல் இரு வாரத்துக்கு ஒருமுறை ஆறு பகுதிகளாக வெளிவந்தது. ஒரு பகுதியின் விலை நான்கு பென்ஸ். அப்போது சாரணர் அமைப்பு என ஒன்று உருப்பெறவே இல்லை. நூலை வாங்கிய சிறுவர் தாமே நண்பரைச் சேர்த்து அணி அமைத்து, தாமே தலைவரைத் தெரிந்துகொண்டு, பின்னர் தமக்கு ஒரு பெரியவரைச் சாரண ஆசிரியராகத் தேடிச் சென்றனர். 1909இல் இலண்டன் பளிங்கு மாளிகையிற் சாரணர் கூடியபோது ஏறத்தாழ 11,000 பேர் வந்தனர். அழையாமலே வந்த சிறுமியர் சிலரும் தாங்களும் சாரணரே என நின்றனர். அடுத்த ஆண்டே சகோதரி அக்னெஸ் துணையுடன் பெண்களுக்கான இயக்கமும் தோன்றிற்று. 1910இல் பேடன் பவல் படைத்துறையிலிருந்து ஓய்வு பெற்றார்; 1912இல் ஒலேவ் அம்மையாரை மணந்தார்.

அணி முறை எவ்வாறு இயங்குகின்றது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் பயன்தரும். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்டது ஓர் அணி. தலைவருக்கு ஓர் உதவித் தலைவர் உண்டு. தலைவர் இல்லாதபோது பொறுப்பு அவருடையது. ஏனையோர் சும்மா இருப்பதில்லை. ஒருவர் கூடாரம், கயிறு, கோடரி முதலியவற்றைக் காத்து எண்ணி வைக்கவேண்டும். ஒருவர் குறிப்பேடு எழுதவேண்டும். ஒருவர் பணக் கணக்கு வைக்கவேண்டும். பாசறையிற் சமையற் பொறுப்பும் ஒருவருடையது. அணித் தலைவர்கள் சாரண ஆசிரியருடன் மன்றமாகக் கூடி, துருப்பு அடுத்து என்ன செய்யவேண்டும், தவறிழைத்த ஒருவரை எவ்வாறு திருத்துவது, சேர்ந்த பணத்தை எதற்குச் செலவிடுவது என்பவற்றைப் பேசி முடிவு செய்வர். மன்றத்திற் பேசியது வெளியே செல்லலாகாது. சாரண ஆசிரியர் அங்கு வழிகாட்டியாக அமர்ந்திருப்பார். பிள்ளைகளுக்கு ஆபத்து நேரும் என்று கண்டாலன்றிக் குறுக்கிடமாட்டார். அணித் தலைமை என்பது ஏவல் செய்யும் பதவி என எண்ணும் பிள்ளைகளும் உண்டு. மழை பெய்யும் இரவில் கூடாரக் கயிறு தளர்ந்தால் முதலில் எழுந்து செல்லவேண்டியவர் தாமே என்பது முதற் பாசறையிலேயே அவர்களுக்கு விளங்கிவிடும்.

இம்முறைக்குக் கடும் சோதனை முதலாம் உலகப் போரின்போது வந்தது. சாரண ஆசிரியர்கள் போர்முனைக்குச் செல்ல, பல ஊர்களில் துருப்புக்களை அணித் தலைவர்களே நடத்தினர். கடற்சாரணர் கரையோரக் காவலுக்கு நின்றனர். கிழக்கு இலண்டனின் ஏழைப் பகுதிகளில் இயக்கத்தை வளர்த்த றோலன்ட் பிலிப்ஸ் என்னும் இளைஞர் அணி முறையைப் பற்றித் தெளிவான நூலொன்றை எழுதினார். அவர் 1916 யூலையிற் பிரான்ஸ் போர்க்களத்தில் இருபத்தாறு வயதில் வீழ்ந்தார். அவர் விட்டுச்சென்ற வீடொன்று கிழக்கு இலண்டன் சாரணருக்கு உரியதாயிற்று. போருக்குப் பின் கில்வெல் பூங்காவிற் சாரண ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடங்கியபோது, வளர்ந்தோரும் சிறுவரைப்போல் அணிகளாகப் பிரிந்து, முறைவைத்துத் தலைமை ஏற்றே பயின்றனர்.

நம் நாடுகளுக்கும் இயக்கம் விரைவிலேயே வந்தது. இலங்கையில் 1912இல் மாத்தளையிலுள்ள பாடசாலை ஒன்றில் முதற் துருப்பு அமைந்தது. இந்தியாவிலோ தொடக்கத்தில் ஆங்கிலேயர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கே இடமிருந்தது. இந்தியச் சிறுவர் விலக்கப்பட்டனர். இதனைப் பொறாத அன்னி பெசன்ட் அம்மையார் போர்க்காலத்தில் சென்னையில் இந்தியச் சிறுவருக்கெனத் தனிச் சாரணர் சங்கம் நிறுவினார். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அச்சங்கம் அவரது இயக்கத்துடன் இணைந்தது. பிள்ளைகளிடம் எல்லையற்ற நம்பிக்கை வைத்தவரின் இயக்கமே, நிறம் பார்த்துச் சில பிள்ளைகளை வெளியே நிறுத்தியிருந்தது என்பது வரலாற்றின் முரண். ஓர் அம்மையார் துணிந்து செயற்பட்டமையாலேயே அக்கதவு திறந்தது.

1920இல் இலண்டன் ஒலிம்பியாவிற் கூடிய முதலாவது உலகச் சாரணர் பெருவிழாவில் அவர் உலகத் தலைமைச் சாரணராக அறிவிக்கப்பட்டார். 1929இற் பிரபுப் பட்டம் பெற்றார். முதுமையில் உடல்நலம் குன்றவே, 1938இல் கென்யாவின் நியேரி என்னும் ஊரிற் சிறு வீடொன்றிற் குடியேறி, படம் வரைந்தும் எழுதியும் காலத்தைக் கழித்தார். 1941ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள், எண்பத்து மூன்றாம் வயதில் அங்கேயே மறைந்தார்.

கென்ய மலையைக் காணக்கூடிய நியேரிக் கல்லறைத் தோட்டத்தில் அவரது நினைவுக்கல் உள்ளது. அதில் ஒரு வட்டமும் நடுவே ஒரு புள்ளியும் பொறிக்கப்பட்டுள்ளன. காட்டு வழியில் அணியை நடத்திச் செல்லும் சிறுவன், பின்னே வருவோருக்காகத் தடியால் மண்ணிற் கீறிவிட்டுப் போகும் குறி அது. தான் வீடு திரும்பிவிட்டதாக அதற்குப் பொருள்.